கோணல் பாயும் தொக்கு பாட்டிலும்

எண்பதுகளில் தருமபுரியில் ஒரு பொருள் நேராக நின்றதென்றால், கோணல் பாய் அதை ஒருமுறை தொட்டிருக்கிறார் என்று அர்த்தம். போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த அவருடைய சட்டைப்பையில் பேனா இருக்காது. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் இருக்கும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், இறந்தவரின் படத்தை நிமிர்த்திவிட்டுத்தான் அழ உட்கார்ந்தார். நாளெல்லாம் "கோணலா இருக்குதுங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்ததால் வந்த பெயர்.

கடத்தூர் சரோஜா அக்கா மாங்காய்த் தொக்கு போட்டு விற்றவர். லேபிளில் படம் போட்டு வியாழக்கிழமைக்குள் சரக்கை அனுப்பினால் எடுத்துக்கொள்வதாகவும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்பதாகவும் சேலத்துக் கடைக்காரர் சொல்லியிருந்தார். பாய் தன் சின்ன கேமராவில் எடுத்த படத்தில் பாட்டில் கீழே குறுகி, ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"என்ன பாய், என் தொக்கு குடிச்சிட்டு நிக்குது?" என்றார் அக்கா.

பாய்க்கு அன்று சோறு இறங்கவில்லை. "கேமரா குனிஞ்சா பாட்டில் கோணுதுங்க. உடம்பு குனியாம கண்ணை மட்டும் இறக்குற கேமரா வேணும்" என்று, மடிப்பு மடிப்பாக நீளும் துருத்தி வைத்த பழைய கேமரா தேடி பெங்களூருக்கு ரயிலேறினார். நிருபரான நான், செய்தி கிடைக்குமென்று கூடப் போனேன்.

பெங்களூர் கேமராக் கடைக்காரர் மூன்று கேமராக்களை எடுத்து வைத்தார். பாய் மேசைமேல் தொக்கு பாட்டிலை வைத்தார்.

"சாப்பாடெல்லாம் வெளியே உக்காந்து சாப்பிடுங்க."

"இது மாப்பிள்ளைங்க. பொண்ணு பாக்க வந்திருக்குது."

முதலாவது பளபளப்பானது, லென்ஸ் முகப்பு இறங்க மறுத்தது. "கழுத்து சுளுக்கு." இரண்டாவதன் துருத்தி நீளாததால், பாட்டிலை நெருங்கினால் மங்கியது. "மூச்சு பத்தல." மூன்றாவது மரக் கேமரா. முகப்பு இறங்கியது, துருத்தி ஒரு முழம் நீண்டது. துருத்தியில் ஓர் ஓட்டையும் இருந்தது.

"வெளிச்சம் ஒழுகும் சார்" என்று கடைக்காரரே தடுத்தார்.

"ஓட்டைய அடைக்கலாங்க. சுளுக்கை எப்படி அடைக்கிறது?"

ஊர் திரும்பியதும் சைக்கிள் கடையில் கேமராவுக்குப் பஞ்சர் ஒட்டினார்.

புதன்கிழமை, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர் அரைமணி நேரம் கழித்து வெளியே வந்து, "பாருங்க அக்கா" என்றார். அந்தக் கேமராவின் கண்ணாடியில் உருவம் தலைகீழாகத் தெரியும் என்பது அக்காவுக்குத் தெரியாது. "ஐயோ, கொட்டுது பாய்" என்று ஓடிப்போய் மூடியை இறுக்கினார். பாட்டில் நகர்ந்துவிட்டது. பாய் மறுபடி துணிக்குள் போனார். இன்னொரு அரைமணி.

படத்தில் பாட்டில், கலெக்டர் முன் நிற்கும் தாசில்தார் போல விறைப்பாக நின்றது. இரவோடிரவாக லேபிள் ஒட்டி, சரக்கு வியாழக்கிழமையே சேலம் போனது.

அந்தப் படத்தின் பிரதி ஒன்று என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. பாய் இருந்தவரை வாரம் ஒருமுறை வந்து, அதை நிமிர்த்திவிட்டு, டீ குடித்துப் போவார். அவர் வருவதற்கு ஒரு வேலை இருக்கட்டுமே என்று நான்தான் அதைச் சாய்த்து வைப்பேன்.

இன்றும் சாய்த்துத்தான் வைத்திருக்கிறேன்.