வாய் மூடாத மீன்

இந்த வீட்டில் ஒரே ஒரு காரியமாவது என் முடிவுப்படி நடந்தே தீர வேண்டும் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது சபதம் செய்தேன். அலுவலகத்தில் என் கையெழுத்து இல்லாமல் ஒரு காகிதம் மேசை தாண்டாது. வீட்டிலோ, நான் தேய்த்துக்கொண்டிருந்த பற்பசைகூட மனைவியின் தேர்வு. சுவரின் நிறம் அவள். திரைச்சீலை அவள். கூடத்து மீன்தொட்டியும், அதில் திரியும் கப்பி, டெட்ரா வகையறாச் சின்ன மீன்களும் அவளேதான். எனக்கென்று மிஞ்சியது ஜன்னலோர மூலை, அதில் ஒரு பிரம்பு நாற்காலி, அதைச் சுற்றிக் கட்டுக் கட்டாகப் பழைய செய்தித்தாள்கள். அவற்றை எடுத்துப் போடச் சொல்லிக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். கொள்கை அடிப்படையில் மறுத்து வருகிறேன். என்ன கொள்கை என்று நீங்களும் கேட்காதீர்கள்.

ஆகவே, ஒரு மீன் வாங்குவதென்று முடிவெடுத்தேன். அவளைக் கேட்காமல்.

மனைவி வழக்கமாகப் போகும் வண்ணமீன் கடைக்குள் நுழைந்ததுமே அது என்னைப் பார்த்துவிட்டது. பளபளவென்று ஆரஞ்சு நிறம். பந்து மாதிரி உருண்ட உடம்பு. என்னைக் கண்டதும் வாயைப் பிளந்தபடி அப்படியே நின்றது. இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து யாரும் இப்படி வாய் பிளந்ததில்லை. மனசு குளிர்ந்துவிட்டது.

“பேரட் மீன் சார்,” என்றார் கடைக்காரர். “ரெண்டு வகை சிக்லிட் மீனைச் சேத்து உண்டாக்கின கலப்பினம். பாக்க அழகு. குணம்தான் கொஞ்சம் முரடு.”

“சின்ன மீன்களோட விடலாமா?”

“விடறதுக்கு முன்னாடி தொட்டியில கல்லு, செடி எல்லாத்தையும் இடம் மாத்திடுங்க. பழைய மீனுங்களுக்கு எது தன் இடம்னு தெரியாமப் போயிடும். சண்டை வராது.”

மனைவி குளிக்கப் போன நேரத்தில் கல்லையும் செடியையும் கலைத்துப் போட்டு, மீனை விட்டேன். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து நின்றாள்.

“என்னங்க இது?”

“மீன்.”

“அது தெரியுது. யாரைக் கேட்டு வந்துச்சு?”

“நானே முடிவு பண்ணேன்.” பழக்கமில்லாத வாக்கியம்.

“என் சின்னதுங்களைக் கடிச்சு வச்சிடாதா?”

“இதுக்கு வாயே முழுசா மூடாது. எப்படிக் கடிக்கும்?”

“வாய் மூடாதவங்க எல்லாம் சாதுன்னா, உங்க அக்கா வந்துட்டுப் போனா எனக்கு ஏன் தலை வலிக்குது?”

அக்கா விஷயத்தில் எனக்கும் தலைவலி உண்டு.

கடைக்காரர் சொன்னது பாதிதான் பலித்தது. பழைய மீன்களுக்குத் தங்கள் இடம் எது என்று தெரியவில்லை. ஆனால் புது மீனுக்கு எல்லாமே தன் இடம் என்று தெரிந்துவிட்டது. கடிக்கவில்லை, உண்மை. இடித்தது. முட்டித் தள்ளியது. கூழாங்கல்லை வாயால் அள்ளி ஒரு மூலையில் மலையாகக் குவித்தது. செடிகளைப் பிடுங்கி மிதக்க விட்டது. கப்பிகள் எல்லாம் வடிகட்டிக்குப் பின்னால் அகதிகளாக ஒண்டிக்கொண்டன. எனக்கோ உள்ளுக்குள் பெருமை. அதன் முன்னால் போய் நின்றால் ஓடி வந்து என் விரலைத் தொடர்ந்தது. என் பேச்சுக்கு மதிப்புக் கொடுக்கும் ஓர் உயிர், கடைசியில்!

வார முடிவில் மனைவி இடுப்பில் கை வைத்தாள்.

“கொண்டு போய்த் திருப்பிக் குடுத்துட்டு வாங்க.”

“முடியாது.”

“அப்ப இதுக்குத் தனித்தொட்டி வேணும். எங்க வைப்பீங்க? என் தலையிலயா?”

“கூடத்துலதான்.”

“கூடத்துல எங்க இடம் இருக்கு? உங்க மூலையைப் பத்திப் பேசவே கூடாது. அது உங்க இடம். நானே சொன்னாலும் நீங்க கேக்க மாட்டீங்க.”

“ஏன் மாட்டேன்? அங்கதான் வைப்பேன்!”

“ஐயோ, வேண்டாங்க. அவ்வளவு பேப்பரும் என்ன ஆகும்?”

“பழைய பேப்பர்காரரைக் கூப்பிடு!”

“நாற்காலி?”

“பால்கனியில போடு!”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பின்னாடி என் மேல பழி போடக் கூடாது.”

“இது என் முடிவு!” என்று கர்ஜித்தேன். தொட்டிக்குள் மீனும் வாயைப் பிளந்து ஆமோதித்தது.

அவள் தலையைக் குனிந்துகொண்டு, “உங்க இஷ்டம்,” என்றாள். கல்யாணமானதிலிருந்து நான் கேட்டிராத சொல். அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்கலாமா என்றுகூட நினைத்தேன். நான் முகம் கழுவி வருவதற்குள் பழைய பேப்பர்காரர் தராசோடு வாசலில் நின்றார். நல்ல மனுஷன், என்ன சுறுசுறுப்பு என்று வியந்தேன். காகிதக் கட்டுகள் போனதும் மூலையில் வெயில் விழுந்தது. அங்கே இவ்வளவு வெளிச்சம் வரும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. உண்மையைச் சொன்னால், எனக்கும் அது பிடித்திருந்தது.

அன்று மாலையே, டேப் வைத்து மூலையை அளந்துகொண்டு கடைக்குப் போனேன். நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.

“ஒரு தொட்டி செய்யணும். அளவு சொல்றேன், எழுதிக்குங்க. என் சொந்த யோசனை.”

கடைக்காரர் எழுதவில்லை. உள்ளே போய், செய்து முடித்த ஒரு புதுத் தொட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். நான் டேப்பை வைத்துப் பார்த்தேன். நீளம் சரி. அகலம் சரி. ஜன்னல் கதவு திறப்பதற்காக விட வேண்டிய இடைவெளிகூடச் சரி.

“இது எப்படிங்க?” என்றேன்.

“உங்க வீட்டம்மா போன மாசமே அளவு குடுத்துட்டாங்களே சார்,” என்றார் அவர், தொட்டியைத் துடைத்துக்கொண்டே. “அந்த மீனைக்கூட, நீங்க உள்ள நுழைஞ்சதும் கண்ணுல படுற மாதிரி முன்னாடி வைங்கன்னு சொன்னது அவங்கதான்.”