மூன்று வாற் சம்பந்தம்

பரமலிங்கம் ஒரு மைம்மலான அந்திப் பொழுதில் சைக்கிளில் ஏறி, ஓரங்குலம்கூட நகராமல், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் சூரியனை இரண்டாம் தரம் உதிக்க வைத்தார். கீரிமலைக் கேணியில் நின்றவர்கள் விடிந்துவிட்டதென்று மறுபடியும் தலை முழுகினார்களாம். அந்த வீட்டில் கரண்டு என்ற பேச்சையே நம்ப மறுத்தவர் ஒருவர்தான்: பரமலிங்கத்தின் தங்கச்சி அருந்ததியைப் பொம்பிளை பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் தம்பிஐயா.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. சண்டையால் குடாநாட்டில் மின்சாரம் நின்று இரண்டு வருடம். அப்படியிருக்க, "அவையின்ரை வீட்டிலை கரண்டு இருக்கு" என்று தரகர் மார்க்கண்டு மாப்பிள்ளை வீட்டில் அவிழ்த்துவிட்டிருந்தார். அருந்ததிக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் குழம்பியிருந்தது. இந்தப் பொய் பிடிபட்டால் மூன்றாவதும் போய்விடும்.

ஆகவே கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் பரமலிங்கம் சாரத்தை மடித்துக் கட்டி, குசினிக்குப் பின்னால் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி மிதித்தார். டைனமோவிலிருந்து யன்னலால் போன வயர் விறாந்தையில் சைக்கிள் பல்ப் ஒன்றை எரித்தது. ஆறு வோல்ற், அரை அம்பியர். பெருக்கினால் மூன்று வாற். வகுத்தால் தடை பன்னிரண்டு ஓம். கணக்குச் சரி.

"உங்கடை மூத்தவரைக் காணேல்லை?" மாப்பிள்ளையின் தாய் பராசக்தி கேட்டார்.

"சங்கக்கடையிலை வேலை. இப்ப வந்திடுவான்," என்றார் பரமலிங்கத்தின் தாய்.

தம்பிஐயா பல்ப்பை முறைத்தார். "கரண்டெண்டால் ரேடியோவும் பாடுமே. போடுங்கோ பாப்பம்."

அருந்ததி குசினி யன்னலுக்கு ஓடிவந்தாள். "அண்ணை, ரேடியோவும் வேணுமாம்."

"அதுக்குக் கால் அம்பியர் பிள்ளை. எல்லாமாய் முக்கால். நாலரை வாற். டைனமோ மூண்டுதான் தரும்."

"மிச்சம்?"

"என்ரை முழங்கால் தரும். போய் வயரைக் குடு."

ரேடியோவைத் தொடுத்ததும் மொத்தத் தடை எட்டு ஓமுக்கு இறங்கியது. பல்ப் மங்கியது. மிதிகட்டை பாறாங்கல்லாய்க் கனத்தது. பரமலிங்கம் பயத்தில் மிதித்த மிதியில் சில்லு சுழன்று கண்ணுக்குத் தெரியாமல் போனது. வழிந்த வியர்வையில் பின்வளவு வாழைக்கு இறைப்பே முடிந்தது. ரேடியோ பாடியது. பல்ப் நிமிர்ந்தது.

"பாட்டு நல்லாய்த்தான் கிடக்கு. கதைக்கத்தான் ஏலாமல் கிடக்கு," என்று பராசக்தி ரேடியோவை நிப்பாட்டினார்.

பாட்டு நின்றது குசினிக்குப் பின்னால் பரமலிங்கத்துக்குக் கேட்டது. முக்கால் அம்பியரும் இனி ஒற்றைப் பல்ப்புக்குள். பன்னிரண்டு ஓமால் பெருக்க ஒன்பது வோல்ற். மூன்று வாற் பல்ப்பில் ஆறே முக்கால் வாற். மிதித்தால் பல்ப் போகும். நிறுத்தினால் மானம் போகும். யோசித்து முடிப்பதற்குள் கால்கள் தம்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் விறாந்தையில் சூரியன் உதித்தது. அயலெல்லாம் சேவல் கூவியது. பிறகு 'டப்'. ஒரே இருட்டு.

தம்பிஐயா அரிக்கன் லாம்போடு வயரைப் பிடித்துப் பிடித்துக் குசினிக்குப் பின்னால் வந்தார். பின்னால் முழுச் சபையும் வந்தது.

பரமலிங்கம் சீற்றைவிட்டு இறங்கவில்லை. "ஐயா, தங்கச்சியிலை ஒரு பிழையும் இல்லை. இது என்ரை வேலை. அவளை வேண்டாமெண்டு சொல்லிப்போடாதேங்கோ."

தம்பிஐயா லாம்பை உயர்த்தி அவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார்.

"பொம்பிளையைப் போன கிழமையே கோயிலிலை பாத்து முடிவெடுத்திட்டம், தம்பி. இண்டைக்கு வந்தது மாற்றுச் சம்பந்தமாய் எங்கடை பெட்டைக்கு, மாப்பிள்ளையின்ரை தங்கச்சிக்கு, உம்மைப் பாக்க. உந்த வீட்டிலை கரண்டு இருக்கெண்டு தரகர் சொல்லேக்கை நான் நம்பேல்லைத்தான். உம்மைப் பாத்தாப்பிறகு சொல்லுறன், ஓம், இருக்கு."