மயில்கழுத்து மாமாவின் பரீட்சை

எங்கெங்கோ ஆயிரம் பேர் உட்கார்ந்து, மூளையைக் கசக்கி, ஒரு செல்போன் செய்கிறார்கள். அது உலகம் பூராவும் பாஸாகிவிடும். கடைசியில் ஆரணிக்கு வந்து எங்கள் கடையில் ஃபெயிலாகும். ஃபெயில் போடுகிறவர் மயில்கழுத்து மாமா.

என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறார். காலையில் சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு மதியம் வரை நானும் கடையில் உட்காருவேன். நான் படித்தது பத்தாவது. சென்சார், ஜூம் என்று இன்றைக்கு நான் நாலு வார்த்தை பேசுகிறேன் என்றால் அது மாமா போட்ட பிச்சை.

மாமா பட்டுச் சேலைத் தரகர். அவருடைய மஞ்சப்பையில் எப்போதும் ஒரு முழம் பட்டுத் துண்டு இருக்கும். மயில் கழுத்து நிறம். நீளவாக்கில் ஓடும் நூல் நீலம், குறுக்கே ஓடும் நூல் பச்சை. இப்படிப் பிடித்தால் நீலம், அப்படித் திருப்பினால் பச்சை. அந்த இரண்டையும் அப்படியே காட்டுகிற கேமராதான் கேமரா, மற்றதெல்லாம் டப்பா என்பது அவர் கட்சி.

கம்பெனி புது ரேஞ்சு விட்டால், எங்களுக்கு முன்னால் அவர் கடை வாசலில் நிற்பார்.

"சாதா, பிளஸ், அல்ட்ரா மூணையும் எட்த்து வைப்பா. எதையும் ஒளிக்காத."

முதலில் எடை. பக்கத்துக் காய்கறிக் கடைத் தராசில், கத்தரிக்காயை இறக்கிவிட்டு போனை ஏற்றுவார். "ரெண்டு கிராம் ஜாஸ்தி கீதே?" என்று என் வீட்டுக்காரரை முறைப்பார், ஏதோ அவர்தான் கல்லைச் சேர்த்துக் கலந்துவிட்ட மாதிரி. அப்புறம் பத்து நிமிஷம் வீடியோ ஓடவிட்டுக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். "ஜுரம் அடிக்குதுபா. இதுக்கே இப்டின்னா சித்திரை வெயில்ல இன்னா ஆவும்?"

ஒருமுறை டெமோ போனைக் கையில் எடுத்தவர், நேராகப் பக்கத்து டீக்கடைக்குப் போய், கிளாஸ் கழுவும் தொட்டியில் முக்கிவிட்டார்.

"ஐயோ மாமா!" என்று என் வீட்டுக்காரர் ஓடினார்.

"அரை மணி நேரம் தண்ணில கெடந்தாலும் ஒண்ணும் ஆவாதுன்னு நீதானே படிச்சிக் காட்ன? இன்னும் இருவது நிமிஷம் கீது. கம்முனு இரு."

நான் படவேட்டம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டேன். போன் உயிரோடுதான் வந்தது. ஆனால் மத்தியானம் வரைக்கும் பேசினால் மூக்கடைத்த குரல்தான். "ஜலதோஷம். தானா சரியாப்பூடும்" என்று வைத்தியமும் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியாகப் பட்டுத் துண்டு வெளியே வரும். போட்டோ எடுப்பார். உதட்டைப் பிதுக்குவார். "ஃபெயில்."

இவர் கையில் இருப்பதோ ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பழைய செட்டு.

போன வருஷம் எங்கள் பெண்ணுக்குக் கோயம்புத்தூரில் இடம் முடிந்தது. கூறைப்புடவை மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. ஆனால் சம்பந்தியம்மா காலில் மாவுக்கட்டு. "நீங்க ஆரணியில இருக்கறீங்க, மயில் கழுத்துல ஒண்ணு பார்த்துப் படம் அனுப்புங்க. பழனி முருகனுக்கு நேர்ந்திருக்கறனுங்க" என்றார்.

முருகா என்று கும்பிட்டுவிட்டு நல்ல சேலையாக எடுத்து வந்தோம். என் வீட்டுக்காரர் ரேஞ்சிலேயே உசத்தியான அல்ட்ராவில், கடை டியூப்லைட்டில், பெருமையாக ஒரு படம் எடுத்து அனுப்பினார். உடனே சம்பந்தியம்மாவிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

"ஏனுங்க சம்பந்தி, முகூர்த்தத்துக்குக் கறுப்புச் சேலைங்களா?"

"கறுப்பு இல்லீங்க, மயில் கழுத்துங்க..."

"என்ற கண்ணுக்குக் கறுப்பாத்தான் தெரியுதுங்க. எனக்கு மனசே சரியில்லீங்க. தேதியத் தள்ளி வெச்சுப் பார்க்கலாமான்னு இருக்குது."

சேலை பார்க்கக் கடைக்கு வந்திருந்த என் பெண் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து மஞ்சப்பையோடு மாமா உள்ளே நுழைந்தார். படத்தைப் பார்த்தார்.

"இது மயிலைக் கண்டுதா இன்னா? இருட்டுன்னு நெனச்சி இன்னும் நல்லா இருட்டாக்கி வெச்சிகீது. ஏம்மா, ஆரணில சேலைய வெளிச்சத்துக்கு எட்த்துனு போயிப் பாக்காம எவனாச்சும் கலரு சொல்வானா? எட்த்தாங்க வெளிய!"

அல்ட்ராவைப் பிடுங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்றார். "கிட்ட வந்தா என் நிழல் வுழும். அஞ்சு எக்ஸ் ஜூம் லென்சு எதுக்குக் கீது? விரிங்க!"

நடுரோட்டில் நான் ஒரு முனை, என் வீட்டுக்காரர் ஒரு முனை. காலை வெயிலில் சேலை அலை அலையாக ஆடியது. தேவிகாபுரம் பஸ் வந்து ஹாரன் அடித்தது.

"இன்னா பெரியவரே, பேனரு கட்றீங்களா?" என்றார் கண்டக்டர்.

"ஒரு நிமிஷம் இருப்பா! ஒரு கல்யாணம் நிக்கிற மாதிரி கீது!"

பஸ் மொத்தமும் எட்டிப் பார்த்தது. முன்சீட்டில் மடி நிறையப் பூவோடு இருந்த ஓர் அம்மா கத்தினார்: "மயில் கழுத்தா? எம்மாம் லட்சணமா கீது! பொண்ணு மகராசியா இருக்கணும்!"

மாமா எடுத்த வீடியோ கோயம்புத்தூருக்குப் போய் ஐந்து நிமிஷம் ஆகியும் பதில் இல்லை. அப்புறம் சம்பந்தியம்மாவே கூப்பிட்டார்.

"ஏனுங்க, அந்தப் பூக்கார அம்மா யாருங்க?"

"தெரியாதுங்க. பஸ்சுல போனவங்க."

"தெரியாத வாயில இருந்து வர்ற வாக்குங்க. முருகனே சொன்ன மாதிரி இருக்குது. அந்தச் சேலையே இருக்கட்டுங்க."

நான் அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டேன். மாமா மட்டும் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். "பச்சை ஒரு நூல் கம்மிதான். கேமரா ஃபெயில். ஹாரன் சத்தத்துல அந்தம்மா பேச்சைப் புட்சிகீது பாரு, மைக்கை வோணா பாஸ் பண்ணலாம்."

குறித்த முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்து, பெண்ணைப் பார்க்காமல் சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

இந்த மாதம் அடுத்த ரேஞ்சு வந்தது. என் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார், எனக்கும் சரியென்று பட்டது. மாமா முகத்தைப் போனில் பதிய, கல்யாண ஆல்பத்தில் இருந்த அவர் படத்தைக் காட்டிப் பார்த்தோம், போன் ஏமாறவில்லை. எனவே மாமாவையே, "சும்மா இதைப் பாருங்க மாமா" என்று ஏதோ சாக்குச் சொல்லி, முகத்தை அப்படி இப்படித் திருப்பச் சொன்னோம். என்னமோ சோதனை என்று அவரும் பார்த்தார்.

மறுநாள் வந்தார். பூட்டியிருந்த டெமோ போனை எடுத்தார். அது அவர் முகத்தைக் கண்டதும் தானாகத் திறந்துகொண்டது. என் வீட்டுக்காரர் பார்த்தால் திறக்கவில்லை. நான் பார்த்தாலும் திறக்கவில்லை.

"இன்னாபா இது, என்னை மட்டும் தெரியுதா இதுக்கு?"

"உங்களுக்குன்னு வெச்சதுங்க மாமா. நீங்க தொறந்தாதான் கடைல மத்தவங்களுக்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

மாமா போனைத் தோள் துண்டால் துடைத்துத் திரும்ப அதன் இடத்தில் வைத்தார்.

"பாஸ்" என்றார்.

"மாமா, கேமராவே பாக்கலியே?"

"அது கெடக்குதும்மா."

அன்றைக்கு அந்தப் பட்டுத் துண்டு மஞ்சப்பையை விட்டு வெளியே வரவே இல்லை.