பேஸ்மென்ரில் வளர்ந்த உள்ளி

எந்தச் சாமானையும் மாதக்கணக்கில் ஆராய்ந்துதான் வாங்குவேன். வாங்கிய பிறகு அதை நம்பமாட்டேன். இந்தக் குணத்தால் பட்ட அவமானங்களில் முதலிடம் உள்ளிக்குத்தான் (பூண்டைச் சொல்கிறேன்).

அஜின்கோர்ட்டில் வீடு வாங்கிய முதல் வருடம். ரொறன்ரோக் குளிரைத் தாங்கும் உள்ளி எது என்று ஒரு மாதம் யூரியூப்பில் படித்தேன் (பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருந்தால் டொக்டராகியிருப்பேன்). கடைசியில், தண்டு தடித்த, ஊதாத் தோல் இனம் ஒன்றைச் சந்தையில் ஒரு வெள்ளைக்கார விவசாயியிடம் வாங்கினேன். "மைனஸ் முப்பதும் தாங்கும், வெளியிலேயே விடு, குளிர் பட்டால்தான் பல்லுப் பிரியும்" என்று ஆங்கிலத்தில் விளக்கினார். பெரிதாகத் தலையாட்டிவிட்டு வந்து இரண்டு நீளத் தொட்டிகளில் நட்டேன்.

கார்த்திகையில் மனைவி வதனி கர்ப்பம் என்று தெரிந்தது. ஆடியில் பிள்ளை. பிள்ளை பெற்றவளுக்கு உள்ளி அள்ளிப்போட்டுச் சரக்குக்கறி வைப்பது எங்கள் வழக்கம். என்னை ஒன்றுக்கும் உதவாதவனாகவே பார்த்துவந்த மாமியிடம் (வதனியின் தாய்) மார்தட்டினேன்.

"மாமி, சரக்குக்கறிக்குக் கடை உள்ளி வேண்டாம். என்ரை தோட்டத்து உள்ளி தாறன்."

"ஓம் தம்பி, உங்களை நம்பி இருக்கிறன்."

அந்த நம்பிக்கைதான் என்னைக் கெடுத்தது. முதல் பனி கொட்டியதும் ஜன்னலால் தொட்டிகளையே எட்டியெட்டிப் பார்த்தேன். எங்கள் சனம் எல்லாம் குளிருக்கு முன்பே கறிவேப்பிலைத் தொட்டியை வீட்டுக்குள் தூக்கிவிடும். என்னுடையதும் நிலத்தடி பேஸ்மென்ரில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பக்கத்தில் சொகுசாக நின்றது. உள்ளி மட்டும் என்ன பாவம் செய்தது?

தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்த என்னை வதனி மறித்தாள்.

"இஞ்சருங்கோ, குளிர் தாங்குமெண்டுதானே தேடித்தேடி வாங்கினனீங்கள்?"

"மைனஸ் இருபது வரப்போகுதாமப்பா! உயிருள்ள சாமானல்லோ?"

பத்து நாளில் பச்சைத் தாள் எழும்பியது. படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் வேறு போட்டேன் (வெட்கம் கெட்டவன்).

ஆடியில் மகள் பிறந்தாள். மாமி சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு உள்ளிக்கு வந்து நின்றார். தொட்டி மண்ணைக் கிண்டினேன். நெல்லிக்காய் அளவில் ஒற்றை உருண்டைகள் வந்தன.

"உதென்ன தம்பி, வெங்காயமோ?"

"உள்ளிதான் மாமி. பல்லுப் பிரியேல்லை."

"ஐயோ, பச்சை உடம்புக்காரி பசியோடை கிடக்கிறாள். ஓடுங்கோ கடைக்கு!"

ஓடினேன். வதனி அன்று மத்தியானச் சோறு தின்னும்போது மணி நாலு. எனக்கு நிலத்துக்குள் புகுந்துவிடலாம் போலிருந்தது.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. பனியில் விளையாடப் புறப்படுகிறவளை, இரண்டாவது சுவெற்றரோடு வாசலில் மறித்து நிற்பேன். அப்போதெல்லாம் மாமியின் குரல் குசினி அடுப்படியிலிருந்து வரும்:

"பிள்ளையை விடுங்கோ தம்பி. உள்ளியைக் கெடுத்தது போதும்!"