ஐந்தாவது மாடிக்குப் போன லிஃப்ட்

ஐந்து மாடி கொண்ட அந்த நிறுவனத்தின் லிஃப்ட்காரர்மேல் ஒரு புகார் வந்தது. சாதாரணப் புகார் அல்ல; பெயர் இல்லாத, முகவரி இல்லாத, ஆகவே மிகுந்த மதிப்புக்குரிய மொட்டைக் கடிதம். "சென்ற செவ்வாய்க்கிழமை ஐந்தாவது மாடிக்குப் போகக் கேட்ட என்னை மூன்றாவது மாடியில் இறக்கிவிட்டு, மிச்சத்துக்கு நடந்து போ என்று ஏசினார். இப்படிக்கு, உண்மை விரும்பி."

லிஃப்ட்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த லிஃப்ட் தரைத்தளத்தை விட்டு அசைந்தே எட்டு மாதம் ஆகியிருந்தது. விளக்கு எரியும், விசிறி சுற்றும், கதவைக் கையால் இழுத்தால் மூடும். மேலே போவது ஒன்றைத் தவிர, லிஃப்ட் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் அது செய்துகொண்டுதான் இருந்தது. அவரும் முக்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு மாடிப்படியைக் கைகாட்டும் பணியைக் கண்ணும் கருத்துமாகச் செய்துவந்தார்.

மறுநாள் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்ததும் சிரிப்பு நின்றது. பதினோரு வருடம் தற்காலிகமாகவே ஓட்டியவருக்கு அடுத்த மாதம்தான் வேலை நிரந்தரமாக இருந்தது. புகார் உண்மை என்று எழுதிவிட்டால் நிரந்தரமும் போச்சு, தற்காலிகமும் போச்சு.

"லிஃப்டே ஓடலைன்னு ஒரு வரி சொல்லிட்டு வாங்களேன்," என்றாள் மனைவி. "அதுக்கு ஏன் வீட்டுல குதிக்கிறீங்க?"

விசாரணை ஐந்தாவது மாடியில். விசாரணை அதிகாரிக்கும், பக்கத்தில் உட்கார்ந்த பராமரிப்பு அதிகாரிக்கும் படியேறிய மூச்சு அடங்கவே பத்து நிமிடம் ஆயிற்று.

"லிஃப்ட் ஓடலைங்கய்யா," என்றார் லிஃப்ட்காரர்.

விசாரணை அதிகாரி கழுத்தைத் துடைத்துக்கொண்டு கோப்பைப் புரட்டினார். "ஓடுதே. பழுது நீக்கியாச்சுன்னு எட்டு மாசம் முன்னாடியே இருக்கு."

"இப்ப நீங்க எப்படிங்க மேல வந்தீங்க?"

"அது என் சொந்த விஷயம். நீ கோப்பைப் பத்திப் பேசு."

"கோப்புல எழுதியிருக்கிறது பொய்யிங்க!"

பராமரிப்பு அதிகாரி துள்ளி எழுந்தார். "என் கையெழுத்து பொய்யா? சார், ஓடுற லிஃப்டையே ஓடலைங்கிறவன், மூணாவது மாடியில ஆளை இறக்கிவிட மாட்டானா?"

"நியாயம்," என்று எழுதிக்கொண்டார் விசாரணை அதிகாரி. அந்தப் பழுதுநீக்கச் சான்றில் 'நேரில் பார்த்தேன்' என்று எதிர்க்கையெழுத்துப் போட்டவர் அவரேதான்.

லிஃப்ட்காரருக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. ஆனால் அவர் சந்தையில் மூட்டை தூக்கி வளர்ந்தவர். பாதி காரியம் கத்தினால் நடக்கும், மீதி பாதி குரலைத் தாழ்த்திப் பேரம் பேசினால்தான் நடக்கும் என்பது அவருக்கு அடிபட்டுத் தெரியும். பாதி முடிந்திருந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"சரிங்கய்யா, லிஃப்ட் ஓடுது. நீங்க ரெண்டு பேரும் ஏறிப் பாருங்க. அஞ்சாவது மாடியில கொண்டுவந்து விடலைன்னா இன்னைக்கே என்னை வீட்டுக்கு அனுப்புங்க. விட்டுட்டேன்னா புகாரை மூடிடணும். சம்மதமா?"

அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோப்பில் ஓடுகிற லிஃப்டில் ஏற மாட்டேன் என்று எந்த அதிகாரி சொல்ல முடியும்? லிஃப்டில் மேலே வருவதற்காக மூவரும் படியிறங்கிக் கீழே போனார்கள்.

லிஃப்ட்காரர் கதவை இழுத்து மூடினார். பித்தானை அழுத்தினார். விசிறி சுற்றியது.

"ஒண்ணு..." என்றார் நிதானமாக. "ரெண்டு... மூணு. பாருங்கய்யா, மூணுல நிறுத்தவே இல்லை."

"மெதுவா ஓட்டுய்யா," என்று பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டார் பராமரிப்பு அதிகாரி. "காது அடைக்குது."

"நாலு... அஞ்சு."

கதவை இழுத்துத் திறந்தார். எதிரே அதே வரவேற்பு மேசை, அதே தண்ணீர் வாளி, 'தரைத்தளம்' என்ற அதே பலகை. எட்டு மாதமாக ஜனங்களின் திட்டைக் காதில் வாங்கிய வரவேற்புப் பெண் கண்கூட இமைக்கவில்லை.

"வாங்க சார். அஞ்சாவது மாடி," என்றாள்.

விசாரணை அதிகாரி பலகையைப் பார்த்தார். பிறகு தன் கையெழுத்தை நினைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"காத்து பிரமாதமா வருதே. என்ன இருந்தாலும் உயரம் உயரம்தான்."

'குழு நேரில் ஏறிச் சென்று ஐயமறச் சரிபார்த்ததில், புகார் உண்மைக்கு முற்றிலும் புறம்பானது எனத் தெரியவந்தது' என்று அறிக்கை போயிற்று. லிஃப்ட்காரர் நிரந்தரமானார்.

மறுநாள் லிஃப்ட் வாசலில் வரிசை. அதிகாரிகளே போய்வந்த லிஃப்டை ஊழியர்கள் விடுவார்களா? ஏறினார்கள், ஐந்து எண்ணும் வரை நின்றார்கள், இறங்கினார்கள், அங்கேயே உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். ஐந்தாவது மாடி மேசைகள் ஒவ்வொன்றாக வரவேற்பறைக்கு வந்து சேர்ந்தன. மாடிப்படியில் ஒட்டடை கட்டியது.

மாதக் கடைசியில் இன்னொரு புகார் வந்தது. இந்த முறை மொட்டைக் கடிதம் இல்லை; பதினாறு பேர் பெயர் போட்டுக் கையெழுத்திட்டிருந்தார்கள், கடைசியில் வரவேற்புப் பெண்ணும். 'லிஃப்ட்காரர் மிக வேகமாக ஓட்டுகிறார். தலை சுற்றுகிறது.'

அவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் காட்டிக் குதித்தார்.

"அநியாயப் பொய்! இவங்களைச் சும்மா விடப்போறதில்லை!"

மனைவி பதினாறு கையெழுத்தையும் ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்தாள். "இத்தனை பேர் சொல்றாங்கன்னா ஏதாச்சும் இருக்குமில்ல?"

லிஃப்ட்காரர் குதிப்பதை நிறுத்தினார். வெகுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல," என்றார் கடைசியில், "நான் கொஞ்சம் விரட்டித்தான் ஓட்டறேன்."