நாலாம் நம்பர் வீட்டு வரிசை

காரின் கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு டெஸ்மண்ட் எண்ணிக்கொண்டிருந்தார். நாலாம் நம்பர் வீட்டு வாசலில் பத்தொன்பது பேர். மூன்றாம் நம்பர் வாசலில் இரண்டு பேர். அதில் ஒருவர் தபால்காரர்.

மூன்று டெஸ்மண்டுடையது. நாலு அவருடைய சகலை நெவிலுடையது. கட்டடம் ஒன்று, நடுச்சுவர் ஒன்று, வாடகைகூட ஒன்றுதான். ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க்கில் வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டால் போதும், கூட்டம் அலைமோதும். நெவில் வாசலில் மோதுகிறது, தன் வாசலில் மட்டும் ஏன் மோதவில்லை? டெஸ்மண்டுக்கு வயிறு எரிந்தது.

"பத்தொன்பது பேர், க்ளெனிஸ்!"

பக்கத்து இருக்கையில் மனைவி குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "நமக்குந்தான் ரெண்டு பேர் வந்திருக்காங்களே."

"ஒருத்தன் தபால்காரன்டி!"

சர்க்கரை ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் டெஸ்மண்ட். ஆபத்து எந்த மூலையில் பதுங்கியிருக்கிறது என்று மோப்பம் பிடிப்பதே அவர் உத்தியோகம். குடியிருக்கும் வீட்டை அடமானம் வைத்து இந்த வீட்டை வாங்கியிருந்தார். அதனால் பிடி நழுவிவிடக் கூடாது என்று வாடகைக்கு வருபவருக்காக நாற்பத்தேழு விதிகள் எழுதினார். மீன் பொரிக்கக் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. குளியல் நாலு நிமிடம். வாரம் ஒருமுறை உரிமையாளர் வந்து பார்ப்பார். சட்டம் அப்படி அனுமதிக்காது என்றால் வெளியில் நின்றாவது பார்ப்பார். வேலைக்குப் போய்வந்த கையோடு எல்லாவற்றையும் தட்டச்சு செய்தது க்ளெனிஸ்தான்.

"இதெல்லாம் நம்ம வீட்டுச் சட்டமாச்சே?" என்று அன்றே கேட்டாள்.

"அதான் சொல்றேன். இத்தனை வருஷத்துல நம்ம வீட்ல ஒரு விபத்து நடந்திருக்கா?"

"ஒண்ணுமே நடந்ததில்ல" என்றாள் க்ளெனிஸ்.

நெவிலுக்கு விதியும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. இரண்டு வீட்டுக்கும் ஆள் பார்க்கும் ஏஜெண்ட் பெண் டானிகாவிடம் சாவியைக் கொடுத்து, "நல்ல ஆளாப் பாத்து நீயே வச்சிடும்மா, சும்மா என்னைக் கூப்பிடாதே" என்று சொல்லிவிட்டு, தூண்டிலோடு கடற்கரைக்குப் போய்விட்டான். உள்ளே கம்பளம் மாற்றும் வேலை இருந்ததால் மாதக் கடைசியில்தான் ஆளை முடிவு செய்வதாக டானிகா சொல்லியிருந்தாள். அதுவரை சனிக்கிழமைதோறும் கூட்டம் பெருகிக்கொண்டே போனது.

அந்த ஞாயிறு நெவில் வீட்டுப் பின்கட்டில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தபோது, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் அவன் டெஸ்மண்டின் தோளில் கை போட்டான்.

"மாசக் கடைசிக்குள்ள ஆள் வரலன்னா சொல்லு சகலை. தவணை கட்ட முடியாம நீ ஏன் திண்டாடணும்? அந்த வீட்டையும் நானே வாங்கிக்கிறேன்."

டெஸ்மண்டுக்குத் தொண்டையில் சாசேஜ் சிக்கிக்கொண்டது. விற்றாலும் விற்கலாம், இவனிடமா?

கூட்டம்தான் கூட்டத்தை இழுக்கும் என்று அவருக்குப் பட்டது. அடுத்த சனிக்கிழமை, லான் பௌல்ஸ் கிளப்பில் தன்னோடு பந்து உருட்டும் எட்டுப் பேரை, ஆளுக்கு ஒரு பீர் தருவதாகச் சொல்லி மூன்றாம் நம்பர் வாசலில் நிறுத்தினார். எட்டுப் பேரும் ஆட்டத்துக்குப் போகும் வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பியோடு வந்து நின்றார்கள். யாருக்கும் எழுபத்தைந்துக்குக் குறைவில்லை.

ஒரு இளம் ஜோடி ஆசையாக வந்தது. வரிசையைப் பார்த்ததும் அந்தப் பெண், "இது முதியோர் இல்லம் போலிருக்கு, வா" என்று கணவனை நாலாம் நம்பருக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அதுகூடப் பரவாயில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த எட்டுப் பேரில் பெர்சிக் கிழவரும் இன்னும் மூன்று பேரும் நெவில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"பெர்சி! நீங்க என் வரிசை!"

"இங்க நிழல் இருக்குப்பா. வரிசைன்னா ஒரு வரிசைதானே?"

இனி யாரையும் நம்பிப் பயனில்லை, நாமே களத்தில் இறங்கிவிட வேண்டியதுதான் என்று முடிவு கட்டினார் டெஸ்மண்ட். அதற்கடுத்த சனிக்கிழமை டானிகாவை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, வந்த ஒரே ஆளை, ஒரு நர்ஸை, தானே பேட்டி கண்டார்.

"ராத்திரி டியூட்டி பார்ப்பியா?"

"வாரம் ரெண்டு நாள்."

"தூக்கக் கலக்கத்துல அடுப்பைப் பத்த வச்சிட்டுத் தூங்கிட மாட்டியே? இதுவரைக்கும் எத்தனை தடவை பாலைப் பொங்கவிட்டிருப்பே? தோராயமா சொல்லு போதும்."

அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "டாக்டருங்ககூட என்னை இவ்வளவு கேட்டதில்ல சார்" என்று சொல்லிவிட்டு நேராக நாலாம் நம்பருக்குப் போனாள்.

டெஸ்மண்ட் காருக்கு வந்து கதவை அறைந்து சாத்தினார்.

"அந்தப் பய என்ன சொக்குப்பொடி போடுறான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். க்ளெனிஸ், நீ போய் அவன் வரிசைல நில்லு. வீட்டைப் பாரு. அந்த டானிகா பொண்ணுகிட்டப் பேச்சுக் குடு. விண்ணப்பமும் எழுதிக் குடு."

"விண்ணப்பமா? நெஜமாவா?"

"நெஜமாத்தான். பேர், வேலை, சம்பளம் எல்லாம் உள்ளதை உள்ளபடி எழுது. பொய்யா எழுதினா மாட்டிக்குவோம்."

க்ளெனிஸ் குறுக்கெழுத்தை மடித்து வைத்தாள். "அப்போ உன் வீட்டையும் பார்த்துட்டு வரவா? ரெண்டையும் பார்த்தாத்தானே வித்தியாசம் தெரியும்."

"பாரு, பாரு. நல்லாப் பாரு."

போனவள் நாற்பது நிமிடம் கழித்துத்தான் வந்தாள்.

"என்னடி பார்த்தே? என்ன வச்சிருக்கான் அங்க?"

"ஒண்ணும் வைக்கல. காலி வீடு. ஜன்னல் பக்கம் நல்லா வெளிச்சம் வருது."

"நம்ம வீட்லயும் அதே ஜன்னல்தானே!"

"அதே ஜன்னல்தான்" என்று ஒப்புக்கொண்டாள்.

உளவு வேலைக்கு இவள் லாயக்கில்லை என்று டெஸ்மண்ட் வீடு போய்ச் சேரும்வரை முணுமுணுத்தார்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நெவில் போன் செய்தான். பின்னால் அலைச் சத்தம் கேட்டது.

"சகலை! எனக்கு ஆள் கிடைச்சாச்சாம். ஒப்பந்தத்துல கையெழுத்தும் ஆயிடுச்சாம். அந்தப் பொண்ணு டானிகா கெட்டிக்காரி. யாரு என்னன்னுகூட நான் கேக்கல, பாத்துக்கோயேன்!"

கேட்கவில்லையாம்! டெஸ்மண்டுக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. அடுத்த நிமிடமே டானிகாவைக் கூப்பிட்டார்.

"நாலாம் நம்பருக்கு வந்திருக்கிற ஆள் எப்படி?"

"தங்கமான ஆள் டெஸ். நிரந்தர வேலை. நாய் பூனை எதுவும் கிடையாது. இருக்கிற இடம் தெரியாம இருப்பாங்க. நூத்துல ஒருத்தர்தான் இப்படிக் கிடைப்பாங்க."

"அப்படி ஒரு ஆளை என் பக்கம் திருப்பிவிட உனக்கு மனசு வரலையா? அவன் வீட்ல இருக்கிறது என் வீட்ல என்ன இல்ல?"

"டெஸ், அது வந்து..."

"இரு, நான் பேசிக்கிறேன். வாடகையைக் குறைச்சுக்கிறேன். நாற்பத்தேழு விதியையும் கிழிச்சுப் போடறேன். மீன் பொரிக்கட்டும்! சுவர் பூரா ஆணியா அடிக்கட்டும்! மணிக்கணக்கா குளிக்கட்டும்! நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். போதுமா? நெவிலை விட்டுட்டு என்கிட்ட வரச் சொல்லு!"

மறுமுனையில் டானிகா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நான் சொல்லாம இருப்பேனா டெஸ்? உங்க வீட்டைத்தான் மொதல்ல காட்டினேன். 'அந்த ஓனரோட முப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்தியாச்சும்மா, போதும்'னு சொல்லிட்டாங்க."