மைன் அக்காவும் ‘யுவர் பீப்பிளும்’

ஒஸ்லோத் தமிழர்களிலேயே ஒரு சின்னச் சொல்லுக்காக மனிதரை அடிக்கப் போகக்கூடியவர் மைன் அக்கா ஒருவர்தான். அது கெட்ட வார்த்தையாக இருக்கத் தேவையில்லை. ஆங்கிலத்தில் ‘மை’ வரவேண்டிய இடத்தில் ‘மைன்’ வந்தால் போதும்.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. எங்கள் சனத்துக்கு லண்டன் காய்ச்சல். குடிபெயர முதல் ஆங்கிலம் படிக்க அலைந்தார்கள். ஊரில் ஆங்கில ரீச்சராக இருந்த அக்கா, ரொம்சோஸில் தன் குடியிருப்பின் நிலக்கீழ் அறையில் சனிக்கிழமை வகுப்பு வைத்தார். எனக்கு லண்டன் ஆசை இல்லை. ஹோட்டல் அறைகளில் கட்டில் விரித்துக் களைத்துப்போய், வரவேற்பு மேசைக்குப் பின்னால் நிற்க ஆசைப்பட்டேன்.

“திஸ் இஸ் மைன் பேனா,” என்றேன் முதல் நாள். மேசை அதிர்ந்தது.

“பின்னால பெயர்ச்சொல் நிண்டால் மை! ஒண்டும் நிக்காட்டி மைன்! இதென்ன ரொக்கெற் விடுற வேலையே?”

அடுத்தது மல்லிகா. ‘எங்கட மனுசன்’ என்று சொல்லியே பழகிய பிள்ளை, “அவர் ஹஸ்பண்ட் இஸ் எ பஸ் டிரைவர்,” என்று ‘எங்கட’வை அப்படியே ஆங்கிலமாக்கினாள்.

“எத்தனை பேருக்கடி அந்த மனுசன்?”

“எனக்கு மட்டும்தான் அக்கா!”

“அப்ப மை எண்டு சொல்லு! அந்தாளை ஏன் வகுப்புக்கே பங்கு வைக்கிறாய்?”

பயந்துபோன மல்லிகா அதன்பின் வெறும் ‘ஹீ’ என்றாள். “ஆர் அந்த ஹீ? முதல்ல பேரைச் சொல்லு!” “அவற்ற பேரை எப்பிடி அக்கா வாயால சொல்லுறது?” கடைசியில் பலகையில் எழுதிக் காட்டித் தப்பினாள்.

எனக்கு ஒரு ஹோட்டலில் நேர்முகம் வந்தது. “உன்ர வாயை நம்பித் தனிய விடேலாது,” என்று அக்காவும் வந்து பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். மனேஜர் இனிமையாகச் சிரித்தார். நான் மையையும் மைனையும் பிசகாமல் சொன்னேன். அப்போது அவர் கேட்டார், உங்களுக்கு வரவேற்பு வேலை எதற்கு என்று. “யுவர் பீப்பிள் ஆர் வெரி குட் கிளீனர்ஸ்.”

இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அன்று நான் சிரித்தேன். அக்கா எழும்பினார்.

“ஹூ ஆர் மை பீப்பிள்? ஒன் ஹஸ்பண்ட், டூ சன்ஸ். தே டோன்ட் ஈவன் கிளீன் தெயர் ஓன் பிளேட்ஸ்!”

மனேஜர் சிவந்த முகத்தோடு கதவைத் திறந்துவிட்டார்.

ரயிலில் நான் கத்தினேன். “உங்களாலதான் என்ர வேலை போச்சு!”

“அவன் வேலை தந்திருந்தாலும் தினம் அதைத்தான் சொல்லியிருப்பான். நீ ஏனடி சிரிச்சனி?”

 அவர் ரொம்சோஸில் இறங்கிப் போனார். அவன்மேல், அக்காமேல், என் சிரிப்பின்மேல் என்று நான் இறங்கும் ஸ்டோவ்னர் வரைக்கும் கொதித்துக்கொண்டே போனேன்.

அடுத்த கிழமை கதவைத் திறந்தால் அக்கா. “வேறை ஹோட்டல் ஒண்டில வரவேற்புக்கு ஆள் எடுக்கினம். வெளிக்கிடு.”

“நேர்முகத்துக்கு நீங்கள் உள்ளை வரப்படாது.”

“வரேல்லை. நட!”

சொன்னபடியே கொட்டும் பனியில் ஹோட்டலுக்கு வெளியிலேயே நின்றார். வேலை கிடைத்த செய்தியோடு நான் ஓடி வந்தபோது அக்காவின் தொப்பியெல்லாம் வெள்ளை.

“இவ்வளவு நேரம் உள்ளை என்னடி செய்தனி?” என்று திட்டினார். திட்டிக்கொண்டே அழுதார். ரயில் வரும்வரைக்கும் அவருடைய விறைத்த விரல்களை என் கைகளுக்குள் வைத்திருந்தேன்.